ஃபார்மேட் போடக் கொடுப்பதற்கு முன்

கேள்வி: ஐந்து வருடத்துக்கு முன்பு வாங்கிய லேப்டாப். ஆன் செய்தால் திரை வரவே நாலைந்து நிமிஷம் ஆகிறது. "ஃபார்மேட் போட்டு புதுசா விண்டோஸ் ஏத்திடலாம், 800 ரூபாய் ஆகும்" என்கிறார் கடைக்காரர். போடலாமா? – வாசகர், கும்பகோணம்

பதில்: கொஞ்சம் பொறுங்கள். உள்ளே இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க்கா (எச்.டி.டி.), சுழலும் பாகமே இல்லாத வேகமான எஸ்.எஸ்.டி.யா என்று முதலில் பாருங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில், டிஸ்க் என்ற சொல்லுக்குக் கீழே எச்.டி.டி. அல்லது எஸ்.எஸ்.டி. என்று போட்டிருக்கும். எச்.டி.டி. என்றிருந்து, ஆன் செய்து பத்து நிமிஷம் ஆன பிறகும் டிஸ்க் பயன்பாடு 100 சதவீதத்திலேயே நின்றால், ஃபார்மேட் உங்களுக்குக் கொஞ்ச நாள் நிம்மதிதான் தரும். அப்புறம் பழைய கதைதான். அந்த 800 ரூபாயை எஸ்.எஸ்.டி. வாங்கும் பணத்தோடு சேர்த்துவிடுங்கள். ஐந்து வருட லேப்டாப்பில் இதைவிடப் பெரிய மாற்றத்தைத் தரும் செலவு வேறு இல்லை. டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தால் ஃபார்மேட் பேச்சே வேண்டாம். உள்ளே இருப்பதை அன்றைக்கே வெளியே எடுங்கள்.

ஏற்கெனவே எஸ்.எஸ்.டி. இருந்தும் மெதுவாக இருக்கிறது என்றால் கடைக்குப் போகாமலே செய்துகொள்ளலாம். விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரி என்று போனால் 'ரீசெட் திஸ் பிசி' இருக்கும். அதில் 'கீப் மை ஃபைல்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் நீங்கள் ஏற்றிய மென்பொருள்கள் போய்விடும், உங்கள் ஃபைல்கள் இருக்கும். அப்படி இருந்தாலும் பேக்கப் எடுக்காமல் அந்தப் பொத்தானைத் தொடாதீர்கள். முழுசாகப் புதிதாய்ப் போட வேண்டுமென்றால் 8 ஜி.பி. பென்டிரைவ் ஒன்றும், பென்டிரைவில் விண்டோஸை ஏற்றித் தர மைக்ரோசாஃப்ட் தன் தளத்தில் இலவசமாகத் தரும் மீடியா கிரியேஷன் டூலும் போதும். பென்டிரைவில் இருப்பது அழிந்துவிடும், காலியானதை எடுங்கள்.

கேள்வி: எங்கள் சின்ன பனியன் கம்பெனியின் கணக்கு, கடிதம் எல்லாம் ஒரே கணினியில் இருக்கிறது. வைரஸ் வந்துவிட்டதால் ஃபார்மேட் போடப் போகிறோம். "டி டிரைவுக்கு மாத்திட்டா போதும்" என்கிறார் சர்வீஸ் செய்பவர். சரிதானா? – வாசகி, திருப்பூர்

பதில்: போதாது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. எங்கள் வீட்டுக் கணினியைப் பல வருடங்களுக்கு முன் தெருமுனைக் கடை ஒன்றில் கொடுத்தபோது எனக்கும் இதையேதான் சொன்னார்கள். சி, டி இரண்டும் ஒரே டிஸ்க்கில் கோடு போட்டுப் பிரித்த இரண்டு அறைகள். விண்டோஸ் போடும்போது பார்ட்டிஷன், அதாவது இந்த அறைகளின், பட்டியல் வரும் இடத்தில் அவசரமாக ஒவ்வொன்றாக 'டெலீட்' அழுத்திக்கொண்டே போனால் இரண்டு அறையும் போய்விடும். கடைப் பையன் அதைத்தான் செய்தார். என் அப்பாவின் கடைசி இரண்டு வருடப் படங்கள் அந்த டி டிரைவில் இருந்தன. அவை திரும்பக் கிடைக்கவே இல்லை. அந்தப் பையன் மேல் எனக்கு இன்று கோபம் இல்லை. ஆனால் யாராவது "டி டிரைவ் பத்திரம்" என்று சொன்னால் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை.

ஆகவே, கணினிக்கு வெளியே தனி எக்ஸ்டெர்னல் டிஸ்க் ஒன்றில் எடுங்கள். கடையில் எடுக்க விடாதீர்கள், உங்கள் மேசையில் நீங்களே எடுங்கள். உங்களுக்கு வைரஸ் பிரச்சினை என்பதால் டாக்குமென்ட், படம், கணக்கு ஆகியவற்றை மட்டும் எடுங்கள். மென்பொருள் இன்ஸ்டால் ஃபைல்களைக் கொண்டுபோகாதீர்கள், வைரஸ் அதோடு ஒட்டிக்கொண்டு வரும். பேக்கப்பையும் ஒரு தடவை ஸ்கேன் செய்துவிடுங்கள். டெஸ்க்டாப்பில் போட்டுவைத்திருப்பது எல்லாம் சி டிரைவில்தான் இருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளும் போகும்.

கணக்கு எழுத டாலி மென்பொருள் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். டாலிக்குள்ளேயே உள்ள பேக்கப்பை எடுங்கள், டேட்டா ஃபோல்டரையும் தனியாகக் காப்பி செய்யுங்கள். டாலி பிரைமில் அது வழக்கமாக சி டிரைவில் யூசர்ஸ், பப்ளிக், டாலி பிரைம் என்ற வழியில் இருக்கும். ஆக, 'என் டாக்குமென்ட்ஸ் முழுக்க எடுத்துட்டேன்' என்பவர்களின் கணக்கு விட்டுப்போவது இங்கேதான். ஃபார்மேட்டுக்கு முன் லைசென்ஸை சரண்டர் செய்துவிட்டால் மறுபடி ஆக்டிவேட் செய்யும்போது தொல்லை இருக்காது. சீரியல் எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். ஜி.எஸ்.டி.க்குப் பயன்படுத்தும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைப் பற்றிக் கவலை வேண்டாம், சான்றிதழ் அந்த டோக்கனுக்குள்ளேயே இருக்கிறது. டிரைவர் மென்பொருளை மட்டும் திரும்பப் போட வேண்டும்.

அடுத்தது தமிழ்க் கடிதங்கள். இதைச் சர்வீஸ் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். பாமினி, வானவில் மாதிரி பழைய ஃபான்ட்டுகளில் அடித்த ஃபைலுக்குள் உண்மையில் இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். தமிழ் உருவம் ஃபான்ட்டில் இருக்கிறது. புது விண்டோஸில் அந்த ஃபான்ட் இருக்காது. ஃபைல் பத்திரமாக இருக்கும், திறந்தால் ஒரு வரிகூடப் படிக்க முடியாது. சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்று இருக்கும். அங்கிருந்து உங்கள் தமிழ் ஃபான்ட்டுகளைக் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். காசு கொடுத்து வாங்கியதென்றால் அதன் சிடியையும் சீரியல் எண்ணையும் தேடி வையுங்கள். முக்கியமான கடிதங்களை இந்தச் சாக்கில் யூனிகோடுக்கு, அதாவது எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் பொது எழுத்துமுறைக்கு, மாற்றிவிடுவது இன்னும் நல்லது. தமிழ்நாடு அரசே 2010-ல் யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது.

கணினி புதிதென்றால் இன்னொன்று. விண்டோஸ் 11-ல் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே போயிருந்தால் டிஸ்க் தானாகவே பூட்டாக்கம், அதாவது என்கிரிப்ட், ஆகியிருக்கலாம். அதற்கான 48 இலக்க ரெகவரி எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அது கையில் இல்லாமல் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் போட்டால் ஒன்றும் திறக்காது.

எல்லாம் எடுத்த பிறகு அந்த எக்ஸ்டெர்னல் டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி, பத்து ஃபைலையாவது திறந்து பாருங்கள். பார்த்த பிறகு சர்வீஸ்காரரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: வாங்கும்போதே ஒரிஜினல் விண்டோஸ் 11 ஹோம் இருந்த லேப்டாப். கடையில் ஃபார்மேட் போட்டுத் தந்த பிறகு, திரையின் மூலையில் 'ஆக்டிவேட் விண்டோஸ்' என்று நிற்கிறது. கீ வேண்டுமென்றால் தனியாக 600 ரூபாய் என்கிறார்கள். – வாசகர், நாகர்கோவில்

பதில்: அந்த 600-ஐக் கொடுக்காதீர்கள். உங்கள் விண்டோஸுக்கான காசு லேப்டாப் விலையிலேயே சேர்ந்துவிட்டது. விண்டோஸ் 8 காலத்திலிருந்தே பிராண்டட் லேப்டாப்புகளின் கீயை மதர்போர்டின் ஃபர்ம்வேரிலேயே, அதாவது போர்டுக்குள்ளேயே இருக்கும் அடிப்படை மென்பொருளில், பதித்து அனுப்புகிறார்கள். அதே பதிப்பைப் போட்டு இன்டர்நெட்டில் இணைத்தால் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். உங்கள் கடையில் பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான்: எல்லாக் கணினிக்கும் போடும் 'ப்ரோ' பென்டிரைவையே உங்களுக்கும் போட்டிருக்கிறார்கள். ஹோம் உரிமம் ப்ரோவைத் திறக்காது. செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன் பக்கத்தில் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். ப்ரோ என்றிருந்தால், ஹோம் போட்டுத் தரச் சொல்லுங்கள். அது அவர்கள் சரிசெய்ய வேண்டிய பிழை, உங்களிடம் கூடுதலாகக் கேட்க நியாயமில்லை.

அந்தப் பக்கத்தில் 'உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சர்வீஸ் மூலம்' என்ற பொருளில் ஒரு வரி வந்தால் இன்னும் கவனம். பெரிய அலுவலகங்களுக்கான முறை அது. வீட்டு லேப்டாப்பில் அது வந்தால் கிராக், அதாவது உரிமம் இருப்பதாக ஏமாற்றும் திருட்டு மென்பொருள், போட்டிருக்கிறார்கள் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். அதைப் போடும்போது ஆன்டிவைரஸை அணைத்துவிட்டுத்தான் போடுவார்கள். நெட் பேங்கிங் செய்யும் கணினியில் அதை விட்டுவைக்காதீர்கள்.

கேள்வி: சர்வீஸுக்குக் கொடுத்த இடத்தில் என்னைக் கேட்காமலே ஃபார்மேட் போட்டுவிட்டார்கள். பில்லும் தரவில்லை. என்ன செய்யலாம்? – வாசகி, வேலூர்

பதில்: கணினியை உடனே அணைத்துவிடுங்கள். அவசரமாகச் செய்யும் ஃபார்மேட், ஃபைல் எங்கே இருக்கிறது என்ற பட்டியலைத்தான் அழிக்கிறது. பழைய ஹார்ட் டிஸ்க் என்றால், அதன் மேல் புதிதாக எதுவும் எழுதப்படாத பகுதிகளிலிருந்து மீட்க வாய்ப்பு உண்டு. எஸ்.எஸ்.டி. என்றால் வாய்ப்பு மிகக் குறைவு. காலியான இடத்தை அதுவே உள்ளுக்குள் துடைத்துவிடும்.

அடுத்து, கொடுத்த தேதி, பேசியது, பணம் அனுப்பிய யூ.பி.ஐ. பதிவு, வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். பில் தர மறுப்பதே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி முறையற்ற வணிக நடைமுறை. கடைக்கு எழுத்து மூலம் புகார் அனுப்பி, பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். அதிலும் தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். போன படங்களுக்கு விலை போடுவது கடினம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: விண்டோஸ் 10 இருக்கும் 2015 கணினி. 11 ஏறவில்லை. தூக்கிப் போட வேண்டியதுதானா? – வாசகர், காரைக்குடி

பதில்: வேண்டாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் ஓரளவு புதிய பிராசசரும் வேண்டும், உங்களுடையதில் அவை இருக்காது. கடிதம், இன்டர்நெட், வீடியோ மட்டும்தான் தேவை என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டு போடுங்கள், இரண்டும் இலவசம். மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருக்கிறது. பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து, பிரின்டர் வேலை செய்கிறதா என்று சோதித்த பிறகு ஏற்றுங்கள்.

கேள்வி: லேப்டாப்பை விற்கப் போகிறேன். ஃபார்மேட் போட்டால் போதுமா? – வாசகர், ஈரோடு

பதில்: மேலே வேலூர் வாசகிக்குச் சொன்னதை இப்போது மறுபக்கத்திலிருந்து பாருங்கள். அவருக்கு மீட்க முடியும் என்றால், உங்களிடம் வாங்குபவருக்கும் முடியும். ரீசெட்டில் 'ரிமூவ் எவ்ரிதிங்' கொடுத்து, அதன் கீழே வரும் 'கிளீன் டேட்டா'வையும் ஆன் செய்யுங்கள். சில மணி நேரம் ஆகும், சார்ஜரைச் செருகியே வையுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கின் சாதனப் பட்டியலிலிருந்தும் அந்த லேப்டாப்பை நீக்கிவிடுங்கள். பழைய பில்லை வாங்குபவரிடம் கொடுக்கும் முன் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.