வாசகர் கேள்வி–பதில்: ஓகரைக் கண்டு ஏன் யாரும் அஞ்சவில்லை?

கேள்வி: ராயபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஞாயிறு மாலைகளில் நண்பர்கள் நால்வருக்கு, பகடை உருட்டிக் கதையாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டை, 2014ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பு விதிகளின்படி நடத்தி வருகிறேன். அனைவரும் தொடக்கநிலையான முதல் லெவல் கேரக்டர்கள். பாழடைந்த மண்டபம் ஒன்றில் ஓகர் என்னும் ராட்சத மான்ஸ்டரை வைத்து, அதன் பயங்கரத் தோற்றத்தை நீண்ட நேரம் வர்ணித்தும், நால்வரும் சற்றும் தயங்காமல் பாய்ந்தார்கள். முதல் அடியிலேயே மந்திரவாதி இறந்துவிட்டான். "இத்தனை ஆபத்தென்று நீ சொல்லவே இல்லையே" என்று நண்பர் மனம் வருந்துகிறார். வேறு எப்படிச் சொல்லியிருக்க வேண்டும்?
– ஒரு வாசகர், ராயபுரம்

பதில்: உங்கள் நண்பரின் வருத்தம் நியாயமானது என்றே கருதுகிறேன். "பயங்கரமான" என்ற அடைமொழியைப் ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர்களில் (டி.எம்.) பெரும்பாலானோர் எல்லா மான்ஸ்டருக்கும் கொடுத்துவிடுகிறோம். 7 ஹிட் பாயிண்ட் (எவ்வளவு அடி தாங்கும் என்பதற்கான எண்) மட்டுமே உள்ள காப்ளினும் பயங்கரம், 59 ஹிட் பாயிண்ட் உள்ள ஓகரும் பயங்கரம் என்றால், கேட்பவர் எதை வைத்து வேறுபாடு காண்பார்? காசிமேட்டை அடுத்து வாழும் உங்களுக்கு இது புதிதன்று. துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டை 1 முதல் 11 வரை எண்ணிட்டு ஏற்றுவதால்தான், எந்த அளவுக்கு அஞ்ச வேண்டும் என்பது கரையில் நிற்பவருக்குத் தெரிகிறது. ஆட்டக்காரருக்கும் தம்மோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க ஓர் அளவு வேண்டும்.

அந்த அளவு விதிநூலிலேயே இருக்கிறது. ஓகரின் தண்டாயுதம் இரண்டு எட்டுமுகப் பகடைகளின் கூட்டுத்தொகையுடன் 4 சேர்த்துச் சேதம் விளைவிக்கும், சராசரி 13. முதல் லெவல் போர்வீரனிடம் பெரும்பாலும் 12 அல்லது 13 ஹிட் பாயிண்ட்தான் இருக்கும், ஆகவே ஒரே அடியில் அவன் சாயக்கூடும். 7 ஹிட் பாயிண்ட் உள்ள மந்திரவாதியின் நிலை இன்னும் மோசம். பூஜ்யத்துக்கு இறங்கிய பிறகு எஞ்சும் சேதம் அவனுடைய முழு ஹிட் பாயிண்டுக்குச் சமமாகவோ மிகுதியாகவோ இருந்தால், உயிர்பிழைக்கும் பகடைக்கே இடமின்றி அவன் அங்கேயே இறக்கிறான். 14 சேதம் போதும். ஓகரின் அடி பட்டால் அப்படி விழுவதற்கு 64இல் 28 வாய்ப்புகள் உண்டு. இதை உங்கள் நண்பர் முன்கூட்டியே அறிந்திருந்தால் முன்வரிசைக்குப் போயிருப்பாரா?

எனவே, பகடையை எடுக்கும் முன்பே, கேரக்டரின் அனுபவத்தின் வழியாக அதைத் தெளிவாகச் சொல்லுங்கள்: "நீ பல சண்டைகளைப் பார்த்தவன், அந்தத் தண்டம் ஒருமுறை உன் மேல் விழுந்தால் நீ எழுந்திருக்க மாட்டாய் என்பது பார்த்த மாத்திரத்திலேயே உனக்குப் புரிகிறது." இதைச் சொல்வது ஆட்டத்தைக் கெடுப்பதாகாது. அந்த உலகில் வாழ்பவனுக்குக் கண்ணெதிரே தெரிவது, மொட்டைமாடியில் அமர்ந்திருப்பவருக்கு உங்கள் சொல்லின் வழியாக மட்டுமே தெரியும்.

அதைவிட வலுவானது, மான்ஸ்டர் வருவதற்கு முன்பே அது செய்துவிட்டுப் போனதைக் காட்டுவது. முந்தைய வாரம் உங்கள் குழுவை எளிதாக வென்ற காவல்தலைவனின் கேடயம் இரண்டாக மடங்கிக் கிடக்கட்டும். அவனைத் தோற்கடிக்க முடியாதவர்கள், அவனைத் தோற்கடித்தது எதுவென்று தாமாகவே கணக்கிடுவார்கள். ஒரே ஒரு தடயத்தோடு நின்றுவிடாதீர்கள். நான்கு பேர் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் ஒன்றாவது காதில் விழாமல் போகும்.

இன்னொன்றும் உண்டு, பலர் இதைக் கவனிப்பதில்லை. ஆட்டக்காரர்கள் ஆபத்தை உணர்ந்தும் பாய்வதற்குக் காரணம், ஓடினால் பிழைக்க முடியாது என்று அவர்கள் நம்புவதே. சாதாரண மனிதக் கேரக்டர் ஒரு சுற்றில் 30 அடி நகர்வான், ஓகர் 40 அடி நகரும். அருகிலிருந்து விலகினால் கூடுதலாக ஓர் அடியும் வாங்க நேரிடும். இந்தக் கணக்கில் நின்று போரிடுவதே அறிவுடைமையாகத் தோன்றும். "பின்வாங்க நினைத்தால் சுற்றுக் கணக்கை விட்டுவிட்டுத் துரத்தல் காட்சியாக நடத்துவேன்" என்று முதல் நாளே அறிவித்துவிடுங்கள். டன்ஜன் மாஸ்டருக்கான 2014 விதிநூலில் துரத்தலுக்கென்றே விதிகள் உள்ளன. மண்டபத்தில் ஓகர் நுழைய முடியாத குறுகிய வாசல் ஒன்றையும் வைத்து, அதை முதலிலேயே வர்ணித்துவிடுங்கள்.

கேள்வி: எல்லாவற்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் மர்மம் போய்விடாதா?
– ஒரு வாசகி, திருவொற்றியூர்

பதில்: போகாது. எவ்வளவு ஆபத்து என்பதைச் சொல்லுங்கள். என்ன உயிர், எப்படி வெல்வது என்பதை மறைத்து வையுங்கள். டிரோல் என்னும் மான்ஸ்டரின் காயங்கள் தாமே ஆறிவிடும், தீயும் அமிலமுமே அதைத் தடுக்கும். இதை நீங்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. ஊரார் அதன் வெட்டுண்ட கையைக்கூடப் புதைக்காமல் எரித்துச் சாம்பலாக்கியிருப்பதைக் காட்டினால், ஏன் எரித்தார்கள் என்று ஆட்டக்காரர்களே கேட்பார்கள். பார்வையாலேயே உயிர்களைக் கல்லாக்கும் பாசிலிஸ்க் வாழும் குகையின் வாயிலில் சிறகு விரித்த நிலையில் கல்லான காகம் ஒன்று கிடக்கலாம். கேரக்டர் சாவதற்கு அஞ்சாத ஆட்டக்காரர்களும் உண்டு. அவர்களுக்கு உலோகத்தை அரித்துத் தின்னும் ரஸ்ட் மான்ஸ்டரைக் காட்டிப் பாருங்கள், அரும்பாடுபட்டு வாங்கிய இரும்புக் கவசத்தைக் காப்பாற்ற அவர்கள் காட்டும் எச்சரிக்கை வேறெதற்கும் வராது.