ஒன்பது நாள் சத்தம்

கேள்வி: ஜெர்மனியில் பாட் டியூர்க்கைம் என்ற சிற்றூரில் ஐந்து ஆண்டுகளாக வசிக்கிறோம். ஒவ்வொரு செப்டம்பரிலும் நடக்கும் 'வுர்ஸ்ட்மார்க்ட்' ஒயின் திருவிழாவால் ஒன்பது நாள் தூக்கம் போகிறது. மூன்று வயது மகள் அழுதபடி விழித்துக்கொள்கிறாள். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஓர் ஆணி அடித்தால் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுகிறார். அவர்கள் திருவிழாவுக்கு மட்டும் எந்தச் சட்டமும் இல்லை. மதுவும் மாமிசமும் ஆகாது என்பதால் நாங்கள் அந்தப் பக்கமே போனதில்லை. நம் திருவிழாவாக இருந்தால் பொறுத்துக்கொள்வார்களா? நகராட்சியில் புகார் கொடுப்பது சரிதானே? – ஒரு வாசகி

பதில்: குழந்தையின் தூக்கத்துக்காக நீங்கள் படும் கவலை நியாயமானது. மற்றவற்றில் எனக்கு உடன்பாடில்லை.

சட்டம் இருக்கிறது. இரவு 10 மணிக்கு மேல் அமைதி வேண்டும் என்று சொல்லும் அதே நாடு, ஊர்த் திருவிழா போன்ற அரிய நிகழ்ச்சிகளுக்குத் தனி அளவுகோல் வைத்திருக்கிறது. அத்தகைய நாட்கள் ஆண்டுக்கு 18-ஐத் தாண்டக் கூடாது என்பது மாநிலங்கள் கூட்டாக வகுத்த வழிகாட்டு நெறி. ஆண்டில் ஒரே நாள் நடக்கும், ஊருக்கு முக்கியமான இசை நிகழ்ச்சியின் சத்தம் வரம்பை மீறினாலும் அக்கம்பக்கத்தார் பொறுத்துக்கொள்ள வேண்டும், ஆனால் பொதுவாக நள்ளிரவு வரைதான் என்று ஜெர்மன் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 2003-இல் தீர்ப்பளித்தது. இந்தியாவின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளும் பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை ஒலிபெருக்கி வைக்க இடம் தருகின்றன. என் சிறுவயதில் கோயில் கொடைக்கான குழாய் ரேடியோவை எங்கள் மாடிச் சுவரில்தான் கட்டுவார்கள். அதன் கீழேயே பாய் விரித்துத் தூங்கினோம், ஏனென்றால் மைக் செட் போட்டவர் எங்கள் தெருக்காரர்.

'நம் திருவிழாவாக இருந்தால்' என்கிறீர்கள். அது ஜெர்மனியிலேயே நடக்கிறது. ஹாம் நகரில் இலங்கைத் தமிழர்கள் எழுப்பிய காமாட்சி அம்பாள் கோயிலில் ஆண்டுதோறும் தேர் ஓடுகிறது. பல்லாயிரம் பேர் கூடுகிறார்கள். குடியிருப்புப் பகுதியில் கோயில் இருந்த 1990-களில் அக்கம்பக்கத்தார் முறையிட்டார்கள் என்பதும் உண்மைதான். அதனால் தேர் நின்றுவிடவில்லை. உயென்ட்ரோப் தொழிற்பேட்டைப் பகுதியில் இடம் கிடைத்தது, 2002-இல் கோபுரத்தோடு புதிய கோயில் எழுந்தது, அம்பாள் தீர்த்தமாட அருகிலுள்ள கால்வாயும் அமைந்தது.

உங்கள் கடிதத்தில் என்னை வருத்தியது, ஐந்து ஆண்டுகளாக நீங்கள் அந்தப் பக்கமே போகவில்லை என்ற வரி. 20,000 பேர்கூட இல்லாத ஊருக்குச் சுமார் 6 லட்சம் பேரை வரவழைக்கும் அந்த விழா, 1417-ஆம் ஆண்டிலேயே ஏடுகளில் இடம்பெற்ற ஒரு யாத்திரைச் சந்தையிலிருந்து வளர்ந்தது. குன்றின் மேலிருந்த மிக்கேல் சிற்றாலயத்துக்கு வந்த பக்தர்களுக்காகத் திராட்சை விவசாயிகள் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் பீப்பாய்களை ஏற்றிச் சென்றார்கள்; இன்றும் அங்குள்ள சிறிய ஒயின் கடைகளுக்கு அந்தத் தள்ளுவண்டியின் பெயர்தான். எண்ணெய் பட்ட கையிலும் வழுக்காதபடி வட்ட வட்டக் குழிகள் வைத்த அரை லிட்டர் கண்ணாடிக் குவளை ஒன்றை, நீண்ட பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்திருக்கும் முன்பின் அறியாதவர்கள்கூடக் கைமாற்றிக் குடிக்கிறார்கள். நீங்கள் மதுவைத் தொட வேண்டாம். அது திராட்சை விளையும் ஊர், சாறும் கிடைக்கும். ராட்டினத்தில் ஏற உங்கள் மகளுக்கு எந்த விரதமும் தடை இல்லை.

ஆகவே இப்போது புகார் எழுதாதீர்கள். விழா தொடங்கும் வெள்ளிக்கிழமை, வெளிச்சம் இருக்கும்போதே மகளை அழைத்துப் போங்கள். இரவில் ஜன்னலுக்கு வெளியே கேட்கும் பாட்டு எந்த ராட்டினத்திலிருந்து வருகிறது என்று அவளுக்குக் காட்டுங்கள். இசை எத்தனை மணிக்கு நிற்க வேண்டும் என்பதை, உங்கள் கதவைத் தட்டிய அதே பக்கத்து வீட்டுக்காரரிடம் கேளுங்கள். அந்த நேரத்தைத் தாண்டியும் நிற்கவில்லை என்றால், எந்த நாள், எத்தனை மணி என்று குறித்து நகராட்சிக்கு எழுதுங்கள். அந்தக் கடிதத்தை எழுத நானே உதவுகிறேன்.