வெத்தலை போடுவீங்களா பாட்டி?

அன்புள்ள சிஸ்டர்,

வணக்கம். தோட்ட லயத்து மருத்துவச்சிகளைப் பற்றி நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். என்னைப் பிரசவம் பார்த்த ஆயாவை நினைத்து அழுதுவிட்டார்.

நான் பத்தாங் பெர்ஜுந்தைப் பெண். ஒன்பது வருடம் வார்டில் வேலை பார்த்துவிட்டு, இப்போது மேல்நிலைத் தாதிமைக்கான முதுகலை படிக்கிறேன். நோயாளியிடம் வரலாறு கேட்பதும் உடலைப் பரிசோதிப்பதும் இந்தப் பருவத்துப் பாடம். படிப்பது ஆங்கிலத்தில், படிவம் மலாயில், எதிரே உட்கார்ந்திருக்கும் பாட்டி பேசுவது தமிழில். “எங்க பாட்டி வலிக்குது?” என்று கேட்டேன். “78ல பால் வெட்டுக்குப் போனேன்மா, அப்புறம் வெளிக்காட்டு வேலைக்கு மாத்திட்டாங்க” என்று ரப்பர்த் தோட்டத்துக் கதையை ஆரம்பித்தார். கால் வலிக்கு வந்து சேர இருபது நிமிடம். படிவத்தில் பாதிக் கட்டம் காலி.

இன்னொன்று. ஒரு தாத்தா நான் ஸ்டெதஸ்கோப்பை எடுத்ததும், “டாக்டர் எங்கம்மா?” என்றார். முகம் சுருங்கிவிட்டது. இவர்களிடம் எப்படிக் கேட்பது, எப்படித் தொடுவது என்று சொல்லுங்களேன்.

(பெயர் வேண்டாமே, சிஸ்டர்.)

* * *

அன்புள்ள தங்கைக்கு,

பெயரை எடுத்துவிட்டேன். ஊர்க்காரர்கள் கண்டுபிடித்தால் நான் பொறுப்பில்லை. 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றிய பிறகும் நீங்கள் பெர்ஜுந்தை என்றே எழுதியிருப்பது பிடித்திருந்தது.

தாத்தாவை முதலில் முடித்துவிடுகிறேன். அவர் வளர்ந்த தோட்டத்தில் காய்ச்சலுக்கும் வெட்டுக்காயத்துக்கும் பாம்புக்கடிக்கும் வந்து நின்றவர், தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொண்ட டிரசர். டிரசர் டாக்டர் இல்லை என்பது தாத்தாவுக்கும் தெரியும். உங்கள் படிப்புக்கும் அப்படி ஒரு பிறப்புதான்: 1965இல் அமெரிக்காவின் கொலராடோவில் லொரெட்டா ஃபோர்ட் என்ற தாதியும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும், டாக்டர் கிடைக்காத பிள்ளைகளை மனத்தில் வைத்துத் தொடங்கியது. ஆகவே கோபப்படாமல், தாதிக்கு அவர்கள் சொல்லும் சொல்லிலேயே, “நான் மிஸ்ஸி தாத்தா. முதல்ல நான் பார்த்து எழுதுறேன், தேவைப்பட்டா டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன்” என்று சொல்லுங்கள். நான் பார்த்தவரை, நாடி பிடிப்பதற்குள் முக்கால்வாசிப் பேர் சமாதானமாகிவிடுவார்கள்.

இப்போது பாட்டி.

1984இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு செய்தார்கள். நோயாளி பேசத் தொடங்கி சராசரியாக 18 நொடிகளில் மருத்துவர் குறுக்கே புகுந்துவிடுகிறார் என்று கண்டார்கள். 2002இல் சுவிட்சர்லாந்தில், குறுக்கே பேசாமல் விட்டால் எவ்வளவு நேரம் பேசுவார்கள் என்று கடிகாரம் வைத்துப் பார்த்தார்கள். சராசரி 92 நொடி. நம் பாட்டிகளுக்கு நான்கு நிமிடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், வாழ்ந்த வாழ்க்கை அப்படி. அதற்குப் பலன் உண்டு. 1975இல் பிரிட்டனில் 80 புதிய நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்தபோது, 66 பேருக்கு வரலாற்றைக் கேட்டதுமே நினைத்த நோய்தான் கடைசியிலும் நோயாக இருந்தது. உடம்பைத் தொட்டும் ரத்தம் எடுத்தும் கருத்து மாறியது மீதிப் பேருக்குத்தான்.

உங்களுக்கு இருபது நிமிடம் ஆனது பாட்டியால் இல்லை என்று நினைக்கிறேன். அவர் கதையை ஒரு பக்கம் ஓடவிட்டு நீங்கள் படிவத்தின் கட்டங்களைத் தேடிக்கொண்டிருந்திருப்பீர்கள். “வெளிக்காட்டு வேலைக்கு மாத்திட்டாங்க” என்ற இடத்தில் உங்கள் பேனா நின்றிருக்க வேண்டும். வெளிக்காட்டு வேலை என்றால் புல் வெட்டு, உரம் போடுதல், மருந்து அடித்தல். என்ன மருந்து? எத்தனை வருடம்? கையுறை கொடுத்தார்களா? முதுகில் மாட்டும் மருந்து டாங்கி ஒழுகுமா? நகம் நிறம் மாறி உதிர்ந்ததா, மூக்கில் ரத்தம் வந்ததா? பாராகுவாட் என்ற களைக்கொல்லியை அடித்த பெண்களிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. அந்த மருந்தை நம் மலேசியாவில் 2002இல் தடை செய்தார்கள், 2006இல் தடையைத் தளர்த்தினார்கள், 2020 ஜனவரியில் மறுபடி தடை செய்தார்கள். பாட்டியின் முதுகில் டாங்கி இருந்த காலத்தில் எந்தத் தடையும் இல்லை. ‘தொழில்’ என்ற கட்டத்தில் நம் பிள்ளைகள் பழக்கத்தில் சூரி ரூமா என்று எழுதிவிட்டுப் போவார்கள். பத்தொன்பது வருடம் மருந்து அடித்தவர் இல்லத்தரசி ஆகிவிடுவார்.

நோய்க்குறியைத் துருவிக் கேட்க ‘ஓல்ட் கார்ட்ஸ்’ என்று ஒரு சூத்திரம் சொல்லிக் கொடுத்திருப்பார்களே: எப்போது தொடங்கியது, எங்கே, எவ்வளவு நேரம், எப்படிப்பட்டது, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது என்று. நல்ல சூத்திரம்தான். அதில் ‘எப்படிப்பட்டது’ என்ற ஒரே கேள்விக்குத் தமிழ்ப் பாட்டிகளிடம் ஒரு அகராதி இருக்கிறது. குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், இழுவை, மதமதப்பு. வயிறு பிசையும், முறுக்கிப் பிடிக்கும். புண் விண்விண் என்று தெறிக்கும். இவ்வளவையும் ‘சாக்கிட்’ என்று ஒரே மலாய்ச் சொல்லில் எழுதினால் முக்கால் பங்கு நோய் படிவத்துக்கு வெளியே நின்றுவிடும். “பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கு, ராத்திரி எறும்பு ஊறுது” என்று ஒருவர் சொன்னால், அது இனிப்பு நீர் (நீரிழிவு) நரம்பைத் தின்றுகொண்டிருப்பதன் விவரிப்பு. பாடப்புத்தகத்தில்கூட அவ்வளவு துல்லியம் இல்லை. அவர் சொன்னதை அவர் சொல்லிலேயே மேற்கோளில் எழுதுங்கள், விளக்கத்தைக் கீழே எழுதிக்கொள்ளலாம்.

“தலை சுத்துது” என்பவரிடம் நான் கேட்பது: “வீடு சுத்துதா, இல்ல எழுந்து நின்னா கண்ணு இருட்டிக்கிட்டு வருதா?” வீடு சுற்றினால் காதின் உள்பக்கத்தை நினைக்கலாம். கண் இருட்டினால் படுக்க வைத்து ஒருமுறை, நிற்க வைத்து மூன்று நிமிடத்துக்குள் இன்னொரு முறை ரத்த அழுத்தம் பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் ரத்தக் கொதிப்பு மாத்திரைப் பையை வாங்கிப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. பையை என்றுதான் சொன்னேன், பட்டியலை இல்லை. “மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?” என்றால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். பையை மேசையில் கொட்டினால்தான் வீட்டுக்காரரின் மாத்திரையும், பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் வாங்கிய பெயரில்லாத மூட்டுவலிக் குளிகையும் தெரியும். அந்தக் குளிகைகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது இங்கே பலமுறை பிடிபட்டிருக்கிறது. முகம் பௌர்ணமி மாதிரி உருண்டிருந்தால் சந்தேகப்படுங்கள்.

அப்புறம் ‘வாய்வு’. இந்தச் சொல்லுக்கு நான் பயப்படுவேன். ஐம்பது வயது ஆள், இனிப்பு நீர்க்காரர், நெஞ்சில் தைலம் மணக்க வந்து “வாய்வு பிடிச்சிருக்கும்மா” என்றால், நீங்களும் மலாயில் ‘ஆங்கின்’ என்று எழுதிவிடாதீர்கள். நடந்தால் கூடுதா? வியர்த்துக் கொட்டியதா? தாடைக்கோ தோளுக்கோ போகுதா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் மீதி வரலாறு காத்திருக்கட்டும், பத்து நிமிடத்துக்குள் இசிஜி. இனிப்பு நீர்க்காரருக்கும் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் மாரடைப்பு நெஞ்சு வலியாக வராமலும் போகும்.

தலைப்பில் இருக்கும் கேள்விக்கு வருகிறேன். அது என் தவறு.

வேறொரு மாநிலத்தில் வார்டில் இருந்த காலம். கால் புண்ணுக்குச் சேர்ந்திருந்த ஒரு பாட்டியிடம் படிவப்படி சிகரெட் பழக்கத்தைக் கேட்டேன், “ரோக்கோ குடிப்பீங்களா பாட்டி?” “ஐயய்யே, அதெல்லாம் ஆம்பளைங்க” என்று சிரித்தார். வாயை மூடிக்கொண்டு சிரித்தார். இல்லை என்று எழுதினேன். சாப்பாட்டு வேளையில் சம்பாலை ஒதுக்கிவிட்டு வெறும் கஞ்சி கேட்பார், “காரம் வாய எரிக்குதும்மா” என்று. அதைச் சமையலறைக்குச் சொன்னேன், டாக்டருக்குச் சொல்லவில்லை. வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கவும் இல்லை, புண் காலில்தானே. எட்டு மாதம் கழித்துக் கன்னத்தின் உள்ளே வளர்ந்த கட்டியோடு அவரை மறுபடி அனுப்பினார்கள். இரண்டு விரல் நுழையும் அளவுக்குத்தான் வாய் திறந்தது. நாற்பது வருடமாக வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை. நான் ரோக்கோவைப் பற்றிக் கேட்டேன், அவர் ரோக்கோவுக்குப் பதில் சொன்னார். பொய்யே சொல்லவில்லை.

அதிலிருந்து கேட்கும் கேள்விகள் இவை: வெத்தலை போடுவீங்களா பாட்டி? புகையிலை வச்சா? எந்தப் பக்கம் அடக்குவீங்க? ராத்திரி வாயிலயே வச்சுக்கிட்டுத் தூங்குவீங்களா? அடக்கும் பக்கத்தைத்தான் முதலில் டார்ச் அடித்துப் பார்ப்பேன். மூன்று விரலைச் செங்குத்தாக வைக்க வாய் திறக்கிறதா என்று பார்ப்பேன். பல்செட் இருந்தால் கழற்றச் சொல்வேன். கையுறை போட்டுக் கன்னத்தின் உள்ளே ஒரு விரல், வெளியே ஒரு விரல் வைத்து உருட்டினால், மென்மையாக இருக்க வேண்டிய இடத்தில் கயிறு போல வரிவரியாகத் தட்டுப்படும். துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, அதைவிட மோசமாகச் சிவப்புத் திட்டு. நாக்கை மெல்லிய துணியால் பிடித்து இரு ஓரமும் பாருங்கள். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம்.

தொடுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். லென்னெக் 1816இல் பாரிசில் ஓர் இளம்பெண்ணின் மார்பில் காதை வைக்கக் கூச்சப்பட்டு, காகிதத்தைச் சுருட்டி வைத்துக் கேட்டார். ஸ்டெதஸ்கோப் வந்த கதை அது. கருவியே கூச்சத்தில் பிறந்தது, நாம் ஏன் கூச்சத்தைக் குறையாக நினைக்க வேண்டும்? திரையை இழுங்கள், என்ன செய்யப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள், வட்டத்தை உள்ளங்கையில் சூடாக்குங்கள், ஒரு பக்கம் திறந்தால் மறுபக்கம் முந்தானையால் மூடியிருக்கட்டும். ஆனால் ரவிக்கைக்கு மேல் வைத்துக் கேட்காதீர்கள். துணி உரசும் சத்தம்தான் கேட்கும். விரலால் தட்டிப் பார்க்கும் முறையை 1761இல் எழுதிய ஔவன்புருக்கர் ஒரு விடுதிக்காரரின் மகன். பீப்பாயைத் தட்டி எவ்வளவு மீதி என்று பார்ப்பதைக் கண்டு வளர்ந்தவர் என்பார்கள். லயத்தில் தண்ணீர் டிரம்மைத் தட்டிப் பார்த்து வளர்ந்த நமக்கு இது வராதா? பார், தொட்டுப் பார், தட்டு, கேள் என்பது வரிசை. வயிற்றில் மட்டும் பார்த்ததும் கேட்டுவிடுங்கள், பிறகு தட்டித் தொடலாம். முதலில் அழுத்தினால் குடலின் ஓசை மாறிவிடும்.

பார்ப்பது அறைக்குள் தொடங்குவது இல்லை. நான் வாசல் பெஞ்சிலிருந்து நாற்காலி வரை ஆளை நடக்கவிட்டுப் பார்ப்பேன். ஒருநாள் செம்பனைக் குலை வெட்டும் அண்ணன் ஒருவர், மாத்திரை வாங்க வந்தவர், இடது குதிகாலை லேசாகத் தூக்கி நடந்தார். “கால்ல என்னண்ணே?” “ஒண்ணுமில்லையே.” 2019 தேசிய ஆய்வின்படி இந்த நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்தியர்களில் 31.4. அவர் அதில் ஒருவர். பூட்ஸைக் கழற்றச் சொன்னேன், காலுறையையும். 10 கிராம் நைலான் இழையைப் பெருவிரலின் அடியில் வளையும் வரை அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு தெரியும்போது சொல்லச் சொன்னேன். காத்திருந்தேன். “ஆரம்பிச்சிட்டியாம்மா?” என்று கேட்டார். குதிகாலில் ஒரு கறுப்புப் புள்ளி, சுற்றிலும் சூடு. பூட்ஸுக்குள் கையை விட்டேன். செம்பனை மட்டையின் முள், அடித்தோலைத் துளைத்து மேலே நின்றுகொண்டிருந்தது. எத்தனை நாளாக அதன் மேல் நடந்தார் என்று அவருக்கும் தெரியவில்லை. உடம்பு மட்டும் குதிகாலைத் தூக்கச் சொல்லியிருக்கிறது. ஆகவே காலைப் பார்க்கும்போது பூட்ஸையும் சிலிப்பரையும் சேர்த்துப் பாருங்கள், உள்ளே கையை விட்டு.

உங்கள் பாட்டி கால் வலிக்கு வந்தவர் என்றுதானே எழுதியிருந்தீர்கள். அடுத்த முறை வந்தால் காலையும் பாருங்கள், வாயையும் பாருங்கள், 78ஐயும் முடிக்கவிடுங்கள். அதற்கு முன் போன வாரத்துப் படிவத்தை எடுத்து ‘தொழில்’ கட்டத்தில் என்ன எழுதினீர்கள் என்று ஒருமுறை பாருங்கள். சூரி ரூமா என்றிருந்தால் வெள்ளை மை தடவக் கூடாது, தெரியும் இல்லையா? ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, தேதியோடு கையெழுத்துப் போடுங்கள்.

அன்புடன்,
சிஸ்டர்