அரசு வளர்ச்சி வங்கி நமக்கு என்ன செய்கிறது? – கேள்வி பதில்

நான் டர்பனில் இருக்கிறேன். நகராட்சிகள் கேட்கும் கடன்களைப் பரிசீலிக்கும் வேலையில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவன். தென்னாப்பிரிக்க அரசுக்குச் சொந்தமான வளர்ச்சி வங்கிகள் பற்றிப் பலர் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து: ஸ்டாண்டர்ட் பேங்க், ஆப்சா, நெட்பேங்க் என்று இத்தனை பெரிய வங்கிகள் இருக்கும்போது அரசு தனியாக ஒரு வங்கி ஏன் நடத்த வேண்டும், அண்ணா?

முதல் காரணம் காலம். சாதாரண வங்கியிடம் இருப்பது நீங்களும் நானும் போட்ட பணம். நாளைக்கே வந்து கேட்டாலும் எடுத்துக் கொடுக்க வேண்டும். அதனால் ரொம்ப நீண்ட கடன் என்றால் அவர்கள் தயங்குகிறார்கள். ஒரு நீர் சுத்திகரிப்பு நிலையத்தைக் கட்டவே சில ஆண்டுகள் பிடிக்கும், போட்ட காசு திரும்பி வர இருபது ஆண்டுகூட ஆகும். மிட்ராண்டில் தலைமையகம் உள்ள தென்னாப்பிரிக்க வளர்ச்சி வங்கி, அதாவது டிபிஎஸ்ஏ, பொதுமக்களிடம் சேமிப்பு வாங்குவதில்லை. கடன் பத்திரங்களை விற்றும் வெளிநாட்டு நிறுவனங்களிடம் கடன் வாங்கியும் பணம் திரட்டுகிறது. அந்தப் பணத்தை நீண்ட காலக் கடனாகக் கொடுக்க முடியும்.

இரண்டாவது காரணம் அதைவிட முக்கியம் என்று நினைக்கிறேன். இந்த நாட்டில் பணத்துக்குப் பஞ்சமில்லை, தயாரான திட்டத்துக்குத்தான் பஞ்சம். நில அளவை, மண் பரிசோதனை, சுற்றுச்சூழல் அனுமதி, வரைபடம், செலவு மதிப்பீடு எல்லாம் முடிந்த பிறகுதான் கடன் பேச்சே எடுக்க முடியும். அந்த ஆரம்ப வேலைக்குச் செலவு செய்ய எந்தத் தனியார் வங்கியும் முன்வராது. திட்டம் நின்றுபோனால் அந்தக் காசு அப்படியே போய்விடுமே. என் மேஜைக்கு வந்து நின்றுபோன கோப்புகளில் பெரும்பாலானவை இந்த வேலை முடியாததால் நின்றவை. நல்ல வளர்ச்சி வங்கி கடன் கொடுப்பதற்கு முன்பே திட்டத்தைக் கடன் வாங்கும் நிலைக்குக் கொண்டுவந்துவிடும்.

வட்டி மலிவா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். பெரிதாக மலிவு இல்லை. சந்தையில் வாங்கிய பணத்தை அதைவிடக் குறைந்த வட்டிக்கு எப்படிக் கொடுப்பது? ஜெர்மனியின் அரசு வளர்ச்சி வங்கியான கேஎஃப்டபிள்யூ போன்ற நிறுவனங்களோ பசுமை காலநிலை நிதியமோ குறைந்த வட்டியில் ஒரு பங்கு தந்தால், அதைக் கலந்து கொடுக்கும்போது வட்டி கொஞ்சம் இறங்கும்.

லெனேசியாவிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியை: இந்த வங்கிகள் எல்லாம் நிறவெறி ஆட்சி உண்டாக்கியவை இல்லையா? நம் பெரியவர்களுக்கு இவற்றால் ஒரு சென்ட் பயன் உண்டா?

அம்மா, நேரடிப் பயன் மிகக் குறைவு. மறைக்க ஒன்றுமில்லை. விவசாயத்துக்குக் கடன் கொடுக்கும் அரசு வங்கியான லேண்ட் பேங்க் 1912இல் தொடங்கியது. பல பத்தாண்டுகள் அதன் கடன் வெள்ளை விவசாயிகளுக்கே போனது. தொழில் வளர்ச்சிக் கழகமான ஐடிசி 1940இல் வந்தது. உலகப் போரால் இறக்குமதி தடைப்பட்டிருந்த நேரம் அது. பின்னர் 1950இல் நிலக்கரியிலிருந்து எரிபொருள் தயாரிக்கும் சாசோல், 1951இல் பாஸ்பேட் எடுக்கும் ஃபோஸ்கோர் ஆகியவை அதன் ஆதரவில் எழுந்தன. டிபிஎஸ்ஏ 1983இல் தொடங்கப்பட்டபோது அதன் முக்கிய வேலை, பாண்டுஸ்தான் என்ற பெயரில் கறுப்பின மக்களை ஒதுக்கிவைத்த பகுதிகளுக்குப் பணம் அனுப்புவது. பிரித்துவைத்த ஏற்பாட்டை நிலைநிறுத்த உதவிய வங்கி என்று யாராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

1994இல் நிறவெறி ஆட்சி முடிந்த பிறகு டிபிஎஸ்ஏயைக் கலைக்காமல் 1997இல் புதிய சட்டம் எழுதி நாடு முழுவதுக்குமான உள்கட்டமைப்பு வங்கியாக மாற்றினார்கள். அது சரியான முடிவு என்றே இன்றும் நம்புகிறேன். பொறியாளர்களையும் நிதி ஆய்வாளர்களையும் ஒரே கூரையின் கீழ் சேர்க்கப் பல ஆண்டுகள் ஆகும். கலைத்திருந்தால் புதிய அரசு அந்தத் திறமையை முதலிலிருந்து சேர்க்க வேண்டியிருந்திருக்கும்.

டொங்காட்டிலிருந்து: 2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் நீர் சுத்திகரிப்பு நிலையம் உடைந்து மாதக் கணக்கில் டேங்கர் தண்ணீருக்கு வரிசையில் நின்றோம். நாட்டுக்கு ஒரு வளர்ச்சி வங்கி இருக்கிறதே, மறுவாரமே கடன் கொடுத்திருக்கக் கூடாதா?

உங்கள் கோபம் முழுக்க நியாயம். வாளியோடு நின்ற வயதானவர்களை நானும் பார்த்தேன்.

ஆனால் நகராட்சிக்குக் கடன் கொடுப்பது அவ்வளவு வேகமாக நடக்காது, நடக்கவும் கூடாது. 2003ஆம் ஆண்டின் நகராட்சி நிதி மேலாண்மைச் சட்டப்படி, நீண்ட காலக் கடன் வாங்கும் முன் அதன் விவரத்தை மக்களுக்கு வெளியிட்டுக் குறைந்தது 21 நாள் கருத்துக் கேட்க வேண்டும். அப்புறம்தான் நகராட்சி மன்றம் கூடி முடிவெடுக்கலாம். முக்கியமாக, அந்தக் கடனுக்குப் பொதுவாக மத்திய அரசு ஜாமீன் நிற்காது. திருப்பிக் கட்ட வேண்டியது நகராட்சி, அதாவது வரியும் தண்ணீர் பில்லும் கட்டும் நீங்கள்தான். வெள்ளத்தில் உடைந்ததைச் சரிசெய்யப் பேரிடர் மானியமும் காப்பீடும் இருக்கின்றன. அவை தாமதமானால் அந்தத் தாமதத்தைத்தான் கேள்வி கேட்க வேண்டும். கடனால் அந்த ஓட்டையை அடைத்தால் பாதிக்கப்பட்டவர்களே வட்டியோடு செலவைச் சுமப்பார்கள்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. டர்பன் பெருநகராட்சியான எதெக்வினியில் குழாயில் விடும் தண்ணீரில் பாதிக்கும் மேல் வருமானமாகத் திரும்புவதில்லை. கசிவு, திருட்டு இணைப்பு, ஓடாத மீட்டர் என்று பல காரணம். கடன் ஆய்வாளர் முதலில் பார்ப்பது அதைத்தான். பழைய குழாய்களை மாற்றவும் மீட்டர் பொருத்தவும் வாங்கும் கடன் தன் வட்டியைத் தானே சம்பாதிக்கும். வளர்ச்சி வங்கி முன்னுரிமை கொடுக்க வேண்டிய வேலை அது. திறப்பு விழா நடத்த அதில் எதுவும் இல்லை, மண்ணுக்குள் போகிற வேலை. அதனால் அரசியல்வாதிகள் அதைக் கேட்பதில்லை. வார்டு கூட்டத்துக்குப் போகும்போது நீங்கள் கேளுங்கள்.

இதில் வங்கியின் மீதும் ஒரு குறை சொல்ல வேண்டும். அதன் நகராட்சிக் கடனில் பெரும்பகுதி பெருநகரங்களுக்கே போகிறது. பெருநகரங்களுக்கு மற்ற வங்கிகளும் கடன் கொடுக்கும். நலிந்த சிறு நகராட்சிகளுக்குத்தான் வேறு கதி இல்லை. அவற்றுக்குத் திட்டமிடலிலும் கட்டுமான மேற்பார்வையிலும் டிபிஎஸ்ஏ உதவுகிறது. ஆனால் தேவை அதைவிடப் பல மடங்கு.

மிட்ராண்டிலிருந்து, சென்னையிலிருந்து வேலைக்கு வந்த ஐடி ஊழியர்: சார், இது நம்ம ஊர் ஐடிபிஐ மாதிரியா?

ஐடிபிஐ ஆரம்பத்தில் இருந்தது மாதிரி. 1964இல் தொழில் வளர்ச்சிக்காகத் தொடங்கிய அதை 2004இல் சாதாரண வங்கியாக மாற்றினார்கள். ஐசிஐசிஐயும் அதே வழியில் போனது. அப்புறம் சாலைக்கும் மின் நிலையத்துக்கும் சாதாரண வங்கிகளே கடன் கொடுத்தன. அந்தக் கடன்களில் நிறைய வாராக்கடன் ஆயின. 2021இல் இந்தியா மறுபடியும் உள்கட்டமைப்புக்கென்று நாப்ஃபிட் என்ற வங்கியைத் தொடங்க வேண்டி வந்தது. தென்னாப்பிரிக்கா தன் வளர்ச்சி வங்கியைச் சாதாரண வங்கியாக மாற்றாமல் வைத்திருந்தது.

ஸ்டேங்கரிலிருந்து கரும்பு விவசாயி: லேண்ட் பேங்க் ஏன் விழுந்தது? அரசு வங்கி விழும் என்று நாங்கள் நினைக்கவே இல்லை, அங்கிள்.

நீங்கள் விவசாயி என்பதால் விரிவாகவே சொல்கிறேன். விவசாயிக்குக் கொடுத்த கடன் பல ஆண்டு கழித்துத்தான் திரும்பும். லேண்ட் பேங்க்கோ அந்தக் கடனுக்கான பணத்தில் பெரும்பங்கைச் சந்தையில் குறுகிய காலக் கடன் பத்திரங்களை விற்று வாங்கியிருந்தது. ஒன்று முடிந்ததும் இன்னொன்று விற்றுச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அது வீட்டு வாடகையை மாதாமாதம் கைமாற்று வாங்கிக் கட்டுவது போல. ஒரு மாதம் கைமாற்று கிடைக்காவிட்டால் கதை முடிந்தது. வறட்சியால் வாராக்கடன் ஏறியது. 2020 ஜனவரியில் அதன் தர மதிப்பீடு இறங்கியது, முதலீட்டாளர்கள் பின்வாங்கினார்கள். அந்த ஏப்ரலில் தவணை தவறியது.

அரசு முதலில் 3 பில்லியன் ராண்ட், அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் இன்னும் 7 பில்லியன் ராண்ட் கொடுத்தது. வங்கி தனக்குக் கடன் கொடுத்தவர்களோடு பேசி 2024 செப்டம்பரில்தான் அந்தச் சிக்கலிலிருந்து வெளியே வந்தது. அந்த ஆண்டுகளில் புதிய விவசாயிகளுக்குக் கடன் கிடைப்பது மிகக் கடினமாக இருந்தது. வங்கி தவறியதால் அதிகம் இழந்தவர்கள் அவர்கள்தான். நிலம் கிடைத்தும் டிராக்டருக்குக் காசில்லாமல் இருந்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

உங்கள் பக்கத்திலேயே இன்னொரு உதாரணம் இருக்கிறது. டொங்காட் ஹியூலட் சர்க்கரை நிறுவனம் 2022 அக்டோபரில் மீட்பு நடவடிக்கைக்குள் போன பிறகு, ஆலைகள் ஓட ஐடிசி கடன் கொடுத்தது. ஆலை நின்றால் வெட்டிய கரும்பு வயலிலேயே காயும், சிறு விவசாயி முதலில் அழிவார். தனியார் வங்கி தயங்கும் இடத்தில் அரசு நிறுவனம் இறங்கியது சரிதான். ஆனால் அப்படிப்பட்ட கடனுக்கு முடிவுத் தேதி ஒன்று இருக்க வேண்டும்.

ஃபீனிக்ஸிலிருந்து, மசாலா அரைத்து விற்கும் அக்கா: எனக்கு 4 லட்சம் ராண்ட் வேண்டும். டிபிஎஸ்ஏ கொடுக்குமா?

கொடுக்காது, அக்கா. அது தனி வியாபாரிக்கான இடம் இல்லை. ஐடிசியின் குறைந்தபட்சத் தொகையே 10 லட்சம் ராண்ட். உங்கள் தொகைக்குத் தேசிய அதிகாரமளிப்பு நிதியமான என்இஎஃப்பைப் பாருங்கள். 2,50,000 ராண்டிலிருந்து கொடுக்கிறார்கள். அது கறுப்பினத்தவரின் தொழில்களுக்கானது, ஆனால் அதிகாரமளிப்புச் சட்டத்தில் 'கறுப்பினத்தவர்' என்பதில் இந்திய வம்சாவளியினரான நாமும் அடக்கம். 2024 அக்டோபரில் சிறுதொழில் நிறுவனங்களை இணைத்து உண்டாக்கிய செட்ஃபாவும் இருக்கிறது. வரிச் சான்றிதழ், வங்கிக் கணக்கு விவரம், வரவு செலவு மூன்றையும் இப்போதே ஒழுங்குபடுத்தி வையுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து அரசு மருத்துவமனை நர்ஸ்: இதாலாவில் பணம் போட்டவர்கள் 2025இல் தவித்தார்களே, டிபிஎஸ்ஏயில் நம் பணத்துக்கும் அந்த ஆபத்து உண்டா?

இரண்டும் வேறு. இதாலா குவாசூலு-நட்டால் மாகாண அரசின் நிறுவனம். பொதுமக்களிடம் சேமிப்பு வாங்கியது, ஆனால் முழு வங்கி உரிமம் இல்லாமல் விலக்கின் பேரில் நடந்தது. விலக்கு முடிந்த பிறகு 2025 ஜனவரியில் கணக்குகள் முடங்கின. டிபிஎஸ்ஏயில் உங்கள் பெயரில் கணக்கே இருக்க முடியாது.

ஆனால் நீங்கள் அதோடு சம்பந்தமே இல்லாதவர் என்றும் சொல்ல முடியாது. உங்கள் ஓய்வூதியம் அரசு ஊழியர் ஓய்வூதிய நிதியமான ஜிஇபிஎஃப்பில் இருக்கிறது, அதை அரசின் முதலீட்டு நிறுவனமான பிஐசி முதலீடு செய்கிறது. அரசு நிறுவனங்களின் பத்திரங்களும் அந்த முதலீடுகளில் அடங்கும். இதனால்தான் மானியத்தையும் கடனையும் குழப்ப வேண்டாம் என்று நான் விடாமல் சொல்கிறேன். திரும்பி வராத கடனின் மறுமுனையில் ஒரு நர்ஸின் ஓய்வூதியம் இருக்கலாம்.

அப்பிங்டன் பக்கம் சூரிய மின் நிலையத்தில் வேலை செய்யும் தம்பி: இங்கே ஊர்மக்களுக்கும் பங்கு உண்டு என்கிறார்கள், ஆனால் கைக்குக் காசு வரவில்லையே?

2011இல் தொடங்கிய தனியார் மின் உற்பத்தித் திட்டத்தில் ஊர் அறக்கட்டளைக்குப் பங்கு கொடுப்பது நிபந்தனை. பங்கு வாங்க ஊரிடம் பணம் ஏது? டிபிஎஸ்ஏயும் ஐடிசியும் அதற்குக் கடன் கொடுத்தன. ஆகவே வரும் லாபப் பங்கில் பெரும்பகுதி முதலில் அந்தக் கடனை அடைக்கப் போகிறது. ஏமாற்று இல்லை, ஆனால் இதை ஆரம்பத்திலேயே ஊர்க்கூட்டத்தில் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். அறக்கட்டளையின் கடன் அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள், எந்த ஆண்டு முடிகிறது என்று தெரிந்துவிடும்.

வெஸ்ட்வில் மாணவி: இந்த வங்கிகளில் வேலைக்குச் சேர என்ன படிக்கலாம், ஐயா?

நிதி படித்தவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். சிவில் பொறியியல், நீர் மேலாண்மை, கட்டுமான அளவீட்டுச் செலவுக் கணக்கு படித்தவர்கள்தான் கிடைப்பதில்லை. பொறியியல் முடித்து ஒரு நகராட்சியின் நீர்த்துறையில் சில ஆண்டு வேலை பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். குழாய் எங்கே உடைகிறது என்று தெரிந்தவரைத் தேர்வுக் குழு விடாது.