ஒரே ஒரு பயணம்தான் என்றால் சிரெட்

மின் பகிர்மானத்தில் மேற்பார்வைப் பொறியாளர் ஆகியிருக்கிறீர்கள், அலுவலகம் ஒரே ஒரு வெளிநாட்டு மாநாட்டுக்குத்தான் அனுப்பும், சீக்ரேவா (CIGRE, மின்சாரக் கட்டமைப்புகளுக்கான சர்வதேச அமைப்பின் மாநாடு) சிரெட்டா (CIRED, மின் பகிர்மானத்துக்கான சர்வதேச மாநாடு) என்று கேட்டிருக்கிறீர்கள். என் ஓட்டு சிரெட்டுக்கு.

சீக்ரே 1921-இல் தொடங்கியது, பெயர் பெரியது. இரட்டைப்படை ஆண்டுகளில் பாரிஸில் கூடுகிறது. பகிர்மானத்துக்கென்று சி6 என்ற ஆய்வுக்குழு உண்டு என்றாலும், பேச்சில் பெரும்பகுதி உயர் மின்னழுத்தக் கட்டமைப்பு பற்றித்தான். நடைமுறையும் வேறு மாதிரி: விவாத அரங்கில் யாரும் கட்டுரை வாசிப்பதில்லை. வந்த கட்டுரைகளைத் தொகுத்துப் பார்க்கும் சிறப்பு அறிக்கையாளர் முன்கூட்டியே கேள்விகளை வெளியிடுவார். பெரும்பாலும் அவற்றுக்குப் பதில் தயாரித்து வந்தவர்கள்தான் பேசுவார்கள். சும்மா போய் உட்கார்ந்தால் வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

சிரெட் ஒற்றைப்படை ஆண்டுகளில், 2023-இல் ரோம், 2025-இல் ஜெனீவா. முழுக்க முழுக்கப் பகிர்மானம்: பாதுகாப்பு, மின் தரம், கூரைச் சூரிய மின்சாரம், திட்டமிடல். போஸ்டர் பகுதியைத் தவறவிடாதீர்கள். எழுதியவரே பக்கத்தில் நிற்பார், ரிலே (பழுது வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லும் கருவி) செட்டிங் வரை குடைந்து கேட்கலாம். கண்காட்சிக்கு அரை நாள் போதும்.

அப்புறம், முடிந்தால் கட்டுரையோடு போங்கள்; மேலதிகாரியிடம் அனுமதி வாங்குவதும் எளிது. கட்டுரைச் சுருக்கத்தை முந்தைய ஆண்டே கேட்டுவிடுவார்கள்.