எந்தக் கிராமம் என்று பெயரைக் கேளுங்கள்

கேள்வி: நாங்கள் கும்பகோணத்தில் இருக்கிறோம். நானும் கணவரும் பணி ஓய்வு பெற்றவர்கள். எனக்கு முழங்கால் வலி உண்டு. மே மாத விடுமுறையில் மகளையும் 11 வயதுப் பேரனையும் கூட்டிக்கொண்டு கம்போடியா போகலாம் என்று ஒரு டிராவல்ஸில் பேசியிருக்கிறோம். 4 இரவு, 5 பகல். அங்கோர் வாட் முதலான கோவில்கள், மிதக்கும் மீனவ கிராமத்தில் படகுப் பயணம், எல்லாமே உட்பட என்கிறார்கள். பாதிப் பணத்தை முன்பணமாகக் கேட்கிறார்கள். கட்டலாமா? மே மாதம் சரிப்படுமா? என்னால் ஏறி இறங்க முடியுமா?

பதில்: முன்பணம் கட்டுவதற்கு முன் அவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள். அந்த மீனவ கிராமத்தின் பெயர் என்ன? "அங்கே போனதும் கைடு காட்டுவார் மேடம்" என்று பதில் வந்தால், அவர்களுக்கே தெரியாது என்று அர்த்தம். அவர்கள் பாங்காக்கில் ஒருவரிடம் வாங்குகிறார்கள். அவர், அங்கோர் கோவில்களுக்குப் பக்கத்து நகரமான சியம் ரீப்பில் இன்னொருவரிடம் வாங்குகிறார். நடுவில் இருக்கும் எல்லோரும் ஆளுக்கொரு பங்கு எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சும் காசில் எந்தப் படகு மலிவோ, அதில் உங்களை ஏற்றுவார்கள்.

பெயர் ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். சியம் ரீப்புக்குத் தெற்கே தொன்லே சாப் என்று ஒரு பெரிய ஏரி இருக்கிறது. அதிலிருந்து புறப்படும் ஆறு தலைநகர் புனோம் பென் அருகே மேகாங் ஆற்றில் கலக்கிறது. மழைக்காலத்தில் மேகாங் பெருகும்போது அந்த ஆறு திசை மாறி, ஏரிக்குள்ளேயே திரும்பி ஓடும். கோடையில் சுமார் 2,500 சதுர கிலோமீட்டராகச் சுருங்கிக் கிடக்கும் ஏரி, மழை முடிகிற சமயம் ஐந்து மடங்கு வரை விரிந்துவிடும். ஒரு மீட்டர் ஆழம் இருந்த இடத்தில் எட்டு ஒன்பது மீட்டர் தண்ணீர் நிற்கும். வீராணம் ஏரியைச் சித்திரையிலும் கார்த்திகையிலும் பார்த்திருப்பீர்கள். அந்த வித்தியாசத்தைப் பல மடங்காக்கி நினைத்துக்கொள்ளுங்கள்.

டிராவல்ஸ்காரர் காட்டும் படம் பெரும்பாலும் அக்டோபரில் எடுத்தது. தண்ணீருக்குள் பாதி மூழ்கிய மரங்கள், நடுவே சின்னத் துடுப்புப் படகு, அதை ஓட்டும் பெண்மணி. மே மாதத்தில் அந்தக் காட்சி கிடையாது. மரங்கள் எல்லாம் தரையில் நிற்கும். படகு குறுகலான வாய்க்காலில் சேற்றைக் கலக்கிக்கொண்டு போகும், சில நாள் தட்டி நின்றும் விடும். ஏரியில் தண்ணீர் மிகவும் குறைந்திருக்கும் சமயம் ஏப்ரலும் மேயும்தான். ஆகவே நேரான பதில்: ஏரிக்காகப் போவதென்றால் மே வேண்டாம். செப்டம்பர் முதல் டிசம்பர் வரை போங்கள். பேரனுடைய பள்ளி விடுமுறைதான் தடை என்றால் அரையாண்டு விடுமுறையைப் பாருங்கள். வெயிலும் அப்போதுதான் தாங்கும்.

மேயில்தான் போயாக வேண்டும் என்றால் கம்போங் ப்லுக் அல்லது கம்போங் க்லியாங் என்று எழுதி வாங்குங்கள். இவை மிதக்கும் ஊர்கள் அல்ல, கால் நட்டுக் கட்டிய ஊர்கள். தண்ணீர் வடிந்த பிறகு, ஆறேழு மீட்டர் உயரக் கம்பங்களின் மேல் நிற்கும் வீடுகளைக் கீழே தெருவிலிருந்து அண்ணாந்து பார்க்கலாம். வீட்டுக்கடியில் வலை காயும், கருவாடு காயும், பிள்ளைகள் விளையாடும். அக்டோபரில் போகிறவர்களுக்கு இது கிடைக்காது. இதை ஒரு டிராவல்ஸும் சொல்லி விற்பதில்லை, எனக்கு அது இன்றுவரை புரியாத விஷயம். கம்போங் க்லியாங் தூரம் அதிகம், போய்வர அரை நாளுக்கு மேல் ஆகும், அதனாலேயே கூட்டம் குறைவு.

சியம் ரீப் நகரத்துக்கு மிக அருகில் இருக்கும் ஏரிக் கிராமம் சொங் க்னியாஸ். உண்மையிலேயே மிதக்கும் வீடுகள் அங்கே உண்டு. மலிவான பேக்கேஜ்கள் போவதும் அங்கேதான். அரிசி மூட்டை வியாபாரத்துக்குப் பெயர் போனதும் அதே இடம்தான்.

அரிசி மூட்டையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. படகு பாதி வழியில் ஒரு மிதக்கும் கடை ஓரம் நிற்கும். இங்கே அநாதைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது, அரிசி வாங்கிக் கொடுத்தால் புண்ணியம் என்பார்கள். நான் முதன்முதலாகக் குழு கூட்டிப் போனபோது, எந்த ஊர் என்று சொல்லவில்லை, இதே நாடகம் நடந்தது. எங்களோடு வந்தவர்களில் ஒருவர் ரேஷன் கடையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். மூட்டையை லேசாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, "சார், இது ஐம்பது கிலோ இல்லை" என்றார். அதற்குள் நான்கு பேர் காசு கொடுத்துவிட்டார்கள். ஊர்ச் சந்தை விலையைப் பிறகு விசாரித்தேன், இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்திருந்தோம். அந்த மூட்டை எந்தப் பிள்ளை வயிற்றுக்குப் போனது என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

அநாதை விடுதிக்குக் கூட்டிப் போகிறேன் என்றாலும் மறுத்துவிடுங்கள். கம்போடியாவில் இப்படிப்பட்ட விடுதிகளில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார்கள். சுற்றுலாக்காரர் வருவதால்தான் விடுதி, விடுதிக்காகத்தான் பிள்ளை. பேனா, பிஸ்கட், நோட்டுப் புத்தகமும் அப்படித்தான். கையில் பாம்பைச் சுற்றிக்கொண்டு படகருகே வரும் பிள்ளைக்கு நீங்கள் கொடுக்கும் ஒரு டாலர், நாளைக்கும் அது பள்ளிக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளும். ஊர் மக்களுக்கு உதவ வேண்டும் என்றால் கரையில் ஒரு வீட்டுக் கடையில் உட்கார்ந்து இளநீர் குடியுங்கள்.

மீன்பிடிப்பவர்கள் நிலைமை நல்லபடியாக இல்லை. ஏரியைப் பாகம் பாகமாகக் குத்தகைக்கு விடும் பழைய முறையை அரசு 2012இல் எடுத்துவிட்டது. அப்போது எல்லோரும் கொண்டாடினார்கள். ஆனால் மேலே மேகாங்கில் அணைகள், மழை தப்பும் ஆண்டுகள், கண்ணி சிறுத்த வலைகள் என்று மீன் குறைந்துகொண்டே வருகிறது. இத்தனைக்கும் நடுவில் சில படகுத் துறைகளில் டிக்கெட் தனியார் கையில் இருக்கிறது. நீங்கள் கொடுக்கும் காசில் ஊருக்குச் சேர்வது சொற்பம். யுனெஸ்கோ 1997இல் இந்த ஏரியை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. பலகை வைத்தார்கள், சரி.

அடுத்தது "எல்லாம் உட்பட". இதில் அங்கோர் நுழைவுச் சீட்டு இருக்கிறதா, எத்தனை நாள் சீட்டு என்று கேளுங்கள். ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72. பல பேக்கேஜ்களில் ஒரு நாள் சீட்டுதான் வைத்திருப்பார்கள், அல்லது கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் "நுழைவுக் கட்டணம் தனி" என்று இருக்கும். உங்கள் முழங்காலுக்கு மூன்று நாள் சீட்டுதான் சரி. பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளிலும் பயன்படுத்தலாம். காலை ஐந்தரையிலிருந்து பத்து வரை கோவில், அப்புறம் அறையில் ஓய்வு, மூன்றரைக்கு மேல் மறுபடி. மே மாத உச்சி வெயிலில் அந்தக் கற்கள் நடுவே நடப்பதைப் பிள்ளைகளே தாங்க மாட்டார்கள்.

சீட்டில் உங்கள் முகப் படம் அச்சாகும். ஒவ்வொரு கோவில் வாசலிலும் பார்ப்பார்கள். ஆகவே "முந்தைய குழுவின் சீட்டில் இரண்டு நாள் மீதி இருக்கிறது, பாதி விலைக்குத் தருகிறேன்" என்பவரை நம்பி ஏமாறாதீர்கள். அதிகாரபூர்வக் கவுன்டரிலோ அவர்கள் இணையதளத்திலோ வாங்கியது மட்டும்தான் செல்லும். சியம் ரீப்பிலிருந்து கூட்டிப் போகும் இன்னொரு இடமான குலேன் மலைக்கு இந்தச் சீட்டு ஆகாது, தனிக் கட்டணம்.

பேரன் விஷயம் கொஞ்சம் சிக்கல், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். 12 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு நுழைவு இலவசம். ஆனால் வாசலில் வயதைக் காட்ட வேண்டும், ஆகவே பாஸ்போர்ட்டோ அதன் நகலோ கையில் இருக்கட்டும். ஆதார் அங்கே எடுபடாது. பயணத் தேதிக்குள் அவனுக்கு 12 முடிந்துவிட்டால் பெரியவர்கள் சீட்டுதான், முன்பதிவு செய்த அன்று 11 என்று வாதாட முடியாது. அடுத்து, அங்கோர் வாட்டின் உச்சித் தளமான பாக்கானுக்கு 12 வயதுக்குக் கீழே உள்ளவர்களை ஏற்ற மாட்டார்கள். அதாவது இலவசமாக உள்ளே வரும் அதே பிள்ளை, மேலே போக முடியாது. பெரியவர்கள் ஏறும்போது யாராவது ஒருவர் அவனோடு கீழே இருந்தாக வேண்டும். அந்தப் படி செங்குத்து. நீங்கள் ஏற வேண்டாம் என்பதுதான் என் ஆலோசனை. நீங்களும் பேரனும் கீழே இருங்கள், மற்றவர்கள் போய்வரட்டும். இன்னொன்றும் உண்டு. பௌத்தப் புனித நாட்களில், மாதம் நான்கு நாள், பாக்கான் யாருக்குமே திறக்காது. நம் வீட்டு நாட்காட்டியில் இரண்டு அஷ்டமி, பௌர்ணமி, அமாவாசை பார்த்து, ஒரு நாள் முன்பின் விட்டுத் திட்டமிட்டால் போதும். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். புடவைக்குப் பிரச்சினை இல்லை, பேரனுக்கு முழுக்கால் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

கீழே இருப்பதால் நீங்கள் எதையும் இழக்கவில்லை. அங்கோர் வாட்டின் பெருஞ்செல்வம் கீழ்ச்சுற்று மண்டபத்தில் இருக்கிறது. கிழக்குப் பக்கம் தெற்குப் பகுதியில் பாற்கடல் கடைதல், ஏறத்தாழ 49 மீட்டர் நீளத்துக்கு ஒரே புடைப்புச் சிற்பம். மேற்கில் ஒரு பக்கம் குருக்ஷேத்திரம், மறுபக்கம் இலங்கைப் போர். பேரனுக்குக் கதை சொல்லிக்கொண்டே நடக்கலாம். கோவில் மேற்கு பார்த்தது, ஆகவே முகப்பில் வெயில் விழுவது பிற்பகலில். சூரியோதயம் பார்க்க வடக்குக் குளத்தங்கரையில் செல்பேசிகளோடு முண்டியடிக்கிற கூட்டத்தில் நீங்கள் நிற்க வேண்டியதில்லை.

அடுத்து பாயோன் கோவில். அங்கே கைடு நேராகக் கோபுரங்களில் செதுக்கிய பெரிய கல் முகங்களுக்குக் கூட்டிப் போவார். அவரை நிறுத்தி, வெளிச்சுற்றுச் சுவரைக் காட்டச் சொல்லுங்கள். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் செதுக்கிய சந்தை, வலை, படகு, படகுக்கடியில் மொய்க்கும் மீன்கள் எல்லாம் அங்கே இருக்கின்றன. இதை முதல் நாள் பார்த்துவிட்டு மறுநாள் ஏரிக்குப் போனால் கிராமம் வேறு மாதிரி தெரியும். பேக்கேஜில் பெரும்பாலும் முதல் நாளே ஏரியை முடித்துவிடுவார்கள், வரிசையை மாற்றச் சொல்லுங்கள்.

"தமிழ் கைடு உண்டு" என்றும் சொல்லியிருப்பார்கள். கோவில் வளாகத்தில் விளக்கம் சொல்லும் உரிமை, அரசு அடையாள அட்டை உள்ள கம்போடிய வழிகாட்டிகளுக்குத்தான். இங்கிருந்து கூட வருபவர் சாப்பாட்டுக்கும் தலை எண்ணவும் உதவுவார், அவ்வளவுதான். அவர் பேருந்தில் "அங்கோர் வாட் சோழர் கட்டியது" என்று ஆரம்பித்தால் சன்னலைப் பாருங்கள். கட்டியவன் கெமர், அதாவது கம்போடிய மன்னன் இரண்டாம் சூரியவர்மன், 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில். உண்மையான தொடர்புகளே போதும் நமக்கு. கெமர் எழுத்து பல்லவ எழுத்திலிருந்து வந்தது. பந்தே ஸ்ரெய் கோவிலில், 967இல் எழுந்தது, ஆடும் சிவன் அருகே மெலிந்த ஒரு பெண் உருவம் இருக்கிறது. அது நம் காரைக்கால் அம்மையார் என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். சின்னக் கோவில், படிகளும் குறைவு, உங்களுக்கு ஏற்றது. பட்டியலில் இல்லை என்றால் சேர்க்கச் சொல்லுங்கள்.

விசா, விமானம் இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுற்றுலா விசா இறங்கியதும் வாங்கினால் 30 டாலர். டிராவல்ஸ் அதற்கு எவ்வளவு போட்டிருக்கிறது என்று பாருங்கள். வருகைப் படிவம் இணையத்தில் நிரப்ப வேண்டும், அது இலவசம். தேடினால் முதலில் வருவது காசு வாங்கும் போலித் தளங்கள். ஆண்டுக்கணக்கில் இது நடக்கிறது, தடுப்பார் இல்லை. புதிய விமான நிலையம் 2023 அக்டோபரில் திறந்தது, நகரத்திலிருந்து ஒரு மணி நேரத் தூரம். அழைத்துப் போகும் வண்டி உட்படவா என்று கேளுங்கள். பாங்காக்கிலிருந்து பேருந்தில் எல்லை கடக்கலாம் என்று நிகழ்ச்சி நிரலில் இருந்தால் அது பழைய தாள். 2025இல் இரு நாடுகளுக்கும் மோதல் வந்து தரை எல்லை மூடப்பட்டது. விமானத்தில் போவதாக மாற்றச் சொல்லுங்கள்.

சாப்பாட்டில், காய்கறி வதக்கலில்கூட மீன் சாறு ஊற்றுவார்கள். நீங்கள் சைவம் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். கிளம்புவதற்கு முன் வங்கியில் டாலர் வாங்கும்போது ஒவ்வொரு நோட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஓரம் கிழிந்திருந்தாலும் மேலே பேனாக் கோடு இருந்தாலும் மாற்றித் தரச் சொல்லுங்கள். அங்கே இளநீர்க்காரர்கூட அதை வாங்க மாட்டார்.