சின்னம் கொடுத்தபோது நான் அங்கே இல்லையே!

கேள்வி: என் மகன் அமெரிக்க மரீன் படையில் சேர்ந்து, தென் கரோலினாவின் பாரிஸ் ஐலண்டில் பயிற்சியில் இருக்கிறான். மரீன் ஆனதற்கான சின்னத்தைக் கையில் கொடுத்துவிட்டார்கள் என்று கடிதம் போட்டிருக்கிறான். பெற்றவள் இல்லாமல் எப்படிக் கொடுக்கலாம்? நிறைவு அணிவகுப்பன்று நானே அதை இன்னொரு முறை குத்திவிடலாமா? அவன் சேர்ந்ததே பிடிக்காத என் கணவர் வரமாட்டேன் என்கிறார்.

பதில்: உங்கள் ஆதங்கம் புரிகிறது அம்மா. ஆனால் குத்திவிட வேண்டாம்.

கழுகு, உலக உருண்டை, நங்கூரம் பொறித்த அந்தச் சின்னம் எப்படிக் கிடைத்தது என்று பாருங்கள். பயிற்சி மொத்தம் 13 வாரம். அதில் கடைசிச் சோதனை 'க்ரூசிபிள்'. 1996-இல் கொண்டுவந்தது. 54 மணி நேரம். சோறும் தூக்கமும் அளந்துதான். ஒருவரை ஒருவர் தூக்கி, இழுத்து, சுவர் தாண்டி, முடிவில் மூட்டை முடிச்சோடு ஏறக்குறைய 15 கிலோமீட்டர் நடை. அதுவரை 'நான்' என்று பேசக்கூட அவனுக்கு அனுமதியில்லை; 'இந்தப் பயிற்சி வீரன்' என்றுதான் தன்னைச் சொல்லிக்கொள்ள வேண்டும். நடை முடிந்ததும், இத்தனை நாள் கத்தித் தீர்த்த அதே ட்ரில் இன்ஸ்ட்ரக்டர் (பயிற்சியாளர்) சின்னத்தை உள்ளங்கையில் வைத்து, முதல்முறையாக 'மரீன்' என்று கூப்பிடுவார். பல பிள்ளைகள் அழுதுவிடுவார்கள். அம்மா பார்க்கிறாள் என்றால் அடக்கிக்கொள்வார்கள் என்பது என் ஊகம். எப்படியும் அந்த நேரம் அவர்களுக்குள்ளேயே இருக்கட்டும்.

உங்களுக்கென்று இரண்டு நாள் வைத்திருக்கிறார்கள்: முந்தின நாள் குடும்ப தினம், மறுநாள் அணிவகுப்பு. இரண்டுக்கும் போங்கள். இளைத்திருப்பான், குரல் கம்மியிருக்கும், அவசர அவசரமாகச் சாப்பிடுவான். உடனே கேள்வியாய் அடுக்காதீர்கள். சின்னத்தைப் பற்றி மட்டும் கேளுங்கள். கொட்டித் தீர்ப்பான்.

கணவர் விஷயம் இதைவிட முக்கியம். அணிவகுப்புக்கு வந்தால் ராணுவ வேலைக்குச் சம்மதித்ததாக ஆகிவிடும் என்று நினைக்கிறார் போலிருக்கிறது. அப்படி யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், மகன் உட்பட. முடிந்ததும் வழக்கமாக 10 நாள் விடுப்பு உண்டு. பேச வேண்டிய சண்டையை அப்போது வீட்டில் பேசட்டும். அதற்குப் பிறகு அவன் வட கரோலினாவின் கேம்ப் கைகருக்கு அடுத்த கட்டப் பயிற்சிக்குப் போய்விடுவான். அதனால் கணவருக்கும் சேர்த்தே டிக்கெட் போட்டுவிடுங்கள்.